அட்டுவம்பட்டியில் வீடு எங்கே, காட்டேஜ் எங்கே? முடிவு எடுப்பது ஊரா, சென்னையா?

கொடைக்கானலில் ரெண்டு நாள் தங்க மொபைலில் ரூம் தேடியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஏரிக்குப் பக்கத்தில் வாடகை எகிறி நிற்கும். மேப்பைக் கொஞ்சம் நகர்த்தினால், 'பள்ளத்தாக்கு தெரியும் பால்கனி, கேம்ப் ஃபயர், பார்க்கிங் வசதி' என்று காட்டேஜ்கள் வரிசையாக வரும். நகராட்சி எல்லையை ஒட்டிய கிராமங்களில் இருப்பவை பல. வில்பட்டி ஊராட்சியைச் சேர்ந்த அட்டுவம்பட்டியும் அந்தப் பக்கம்தான். அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் என்று சொன்னால் பலருக்குப் புரியும்.

இந்த மாதிரி மலை ஊரில் ஒரே சரிவுக்கு மூணு பேர் போட்டி போடுகிறார்கள். முதலில், பூண்டும் கேரட்டும் பீன்ஸும் போடும் விவசாயி. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. இரண்டாவது, குடியிருக்க இடம் தேடுபவர்கள்: கல்யாணமான மகனுக்குத் தனி வீடு கட்ட நினைக்கும் குடும்பம், வாடகைக்கு ரூம் தேடும் மாணவி, ஹோட்டல் ஊழியர், டிரைவர். மூணாவது, வீக்எண்டுக்கு வரும் நாம். நமக்காகக் காட்டேஜ் கட்டுபவரையும் நம் கணக்கிலேயே சேர்க்கணும்.

எந்தச் சரிவில் விவசாயம், எந்த மேட்டில் வீடு, எங்கே காட்டேஜ், எங்கே எதுவுமே கட்டக்கூடாது என்று பிரித்து வைப்பதைத்தான் நிலப் பயன்பாட்டு மண்டலம் என்கிறார்கள். பேச்சில் 'ஸோனிங்'. இதை யார் முடிவு செய்யணும்? உள்ளூர் மக்களா, மாநில அரசா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையைக் காக்கும் உச்ச வரம்பை மாநிலம் போடட்டும். அந்த வரம்புக்குள் ஊர் எப்படி வளரணும் என்பதை ஊர் முடிவு செய்யட்டும். வரம்பை மீற விலக்கு கொடுக்கும் அதிகாரம் மட்டும் யார் கையிலும் இருக்கக் கூடாது. இப்போது நடப்பது கிட்டத்தட்ட இதற்கு நேர் எதிர்.

ஒரு வீடு கட்ட எத்தனை ஆபீஸ்?

சமவெளியில் ஊராட்சிப் பகுதியில் சின்ன வீடு கட்டுவதென்றால், ஊராட்சி அலுவலகத்தோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். மலையில் அப்படி இல்லை. 1990-ல் தமிழக அரசு மலையிடப் பாதுகாப்புக் குழுமம் என்ற அமைப்பை உருவாக்கியது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'ஹாகா' என்று சொல்வார்கள். கொடைக்கானல் மலைக் கிராமங்கள் இதன் பட்டியலில் வருகின்றன. இந்தப் பட்டியலில் உள்ள கிராமத்தில் நிலத்தை விவசாயத்திலிருந்து வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதென்றால் வனத்துறை, புவியியல் மற்றும் சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை என்று பல துறைகளின் தடையின்மைச் சான்று வேணும். அதற்கு மேல் நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டி.டி.சி.பி. கடைசியில்தான் ஊராட்சியின் கட்டட அனுமதி.

நோக்கம் தப்பில்லை. சரிவை வெட்டினால் மண் சரியும், ஓடையை மூடினால் வெள்ளம் வேறு வழி தேடும். 2018 நவம்பரில் கஜா புயல் மலையேறி வந்தபோது மரங்கள் சாய்ந்து, மண் சரிந்து, சாலைகள் அறுபட்டதைக் கொடைக்கானல் பார்த்தது. கேள்வி கேட்டுத்தான் கட்ட விடணும்.

ஆனால் இந்த வழி யாருக்குச் சுலபம் என்று பாருங்கள். ஆர்க்கிடெக்ட், வக்கீல், மாவட்டத் தலைநகரில் அலைய ஆள், காத்திருக்கப் பணம் எல்லாம் உள்ளவர் இத்தனை ஆபீஸையும் கடந்துவிடுவார். ரெண்டு சென்ட் இடத்தில் வீடு கட்டுபவர் பாதியில் சோர்ந்துபோய், 'எல்லாரும் கட்டுற மாதிரி நாமளும் கட்டிடுவோம்' என்று ஆரம்பிப்பார். அப்புறம் அந்த வீடு வாழ்நாள் முழுக்க 'அனுமதியற்ற கட்டடம்'. பேங்க் லோன் வாங்கப் போனாலும், வீட்டை விற்கப் போனாலும், நோட்டீஸ் வந்தாலும் அந்தப் பெயர் கூடவே வரும்.

சட்டம் யாருக்கு அதிகாரம் கொடுக்கிறது?

அடிப்படைச் சட்டம், 1971-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். முழுமைத் திட்டத்தை, அதாவது மாஸ்டர் பிளானை, உள்ளூர் திட்டக் குழுமம் தயாரிக்கும். ஆட்சேபனை சொல்ல மக்களுக்குக் குறைந்தது ரெண்டு மாதம் அவகாசம் தரணும். ஆனால் ஒப்புதல் தருவது மாநில அரசு. திருத்தச் சொல்வதும் மாநில அரசு. மேல்முறையீட்டைக் கேட்பதும் அதுவே. 113-வது பிரிவின்படி எந்த நிலத்துக்கும், எந்தக் கட்டடத்துக்கும் சட்டத்திலிருந்து விலக்கு தருவதும் அதே அரசுதான்.

இருபது வருஷம் கழித்து அரசியல் சட்டத்தில் 73, 74-வது திருத்தங்கள் வந்தன. ரெண்டும் 1993-ல் நடைமுறைக்கு வந்தன. 74-வது திருத்தம் நகராட்சிகளுக்கானது. அதோடு சேர்ந்து வந்த பன்னிரண்டாவது அட்டவணையில் 18 விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது நகரத் திட்டமிடல். ரெண்டாவது நிலப் பயன்பாட்டையும் கட்டடம் கட்டுவதையும் ஒழுங்குபடுத்துவது. ஊராட்சிகளுக்கான பதினோராவது அட்டவணையில் 29 விஷயங்கள் உண்டு. கிராமப்புற வீட்டு வசதி அதில் இருக்கிறது. நிலப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துவது என்ற வரி மட்டும் இல்லை.

இதன் பொருள் என்ன? கொடைக்கானல் நகராட்சிக்கு ஸோனிங் அதிகாரத்தைக் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டம் மாநிலத்துக்குச் சொல்கிறது. 'கொடுக்கலாம்' என்றுதான் சொல்கிறது, 'கொடுத்தே ஆகணும்' என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கும் ஊராட்சிக்கு அந்த அளவுக்குக்கூட இல்லை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு, 3.5 லட்சம் ரூபாய்க்கு, பயனாளிகள் பட்டியலை ஊராட்சி அளவில் தயாரிக்கலாம். ஆனால் அந்த வீடுகள் எந்தப் பக்கம் வரணும், பக்கத்துச் சரிவில் ஐம்பது அறை ரிசார்ட் வரலாமா என்பதில் ஊராட்சியின் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது.

ஆனால் கட்டுமான அழுத்தம் நகராட்சி எல்லையோடு நிற்பதில்லை. நகருக்குள் இடமும் கெடுபிடியும் இறுக இறுக, அது வெளியே உள்ள கிராமத்துக்கு நகர்கிறது. அதைச் சமாளிக்க வேண்டிய ஊராட்சிக்குத்தான் அதிகாரமும் கம்மி, ஆளும் கம்மி.

மாநிலத்தின் கையில் இருந்தபோது என்ன நடந்தது?

'உள்ளூர்க்காரங்க வேண்டியவங்களுக்குப் பார்ப்பாங்க, மாநில அரசுதான் பாரபட்சம் இல்லாம நடக்கும்' என்ற வாதம் நியாயமாகத் தெரியும். கொடைக்கானலின் வரலாறு அதற்கு வேறு பதில் சொல்கிறது.

பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கு தமிழகத்தில் பலருக்கும் நினைவிருக்கும். ரெண்டு தளத்துக்கு அனுமதி வாங்கிய ஹோட்டல் ஏழு தளம் வரை எழும்பியது. 1992 மே மாதம் மாநில அரசு விதிகளைத் தளர்த்தி அரசாணை போட்டது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு என்ற உள்ளூர் அமைப்பு நீதிமன்றம் போனது. 1995-ல் உயர் நீதிமன்றம் அரசாணையை ரத்து செய்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் ஹோட்டலின் பக்கம் நிற்கவில்லை. கூடுதல் தளங்கள் இடிக்கப்பட வேண்டியவை என்றே ஆனது.

அப்போது முதல்வராக இருந்த ஜெயலலிதாவுக்கு இந்த விவகாரத்தில் 2000 பிப்ரவரி 2-ம் தேதி சிறப்பு நீதிமன்றம் தண்டனை விதித்தது. அதைக் கண்டித்து நடந்த கலவரத்தில் தருமபுரியில் பஸ் எரிக்கப்பட்டு மூன்று மாணவிகள் இறந்தார்கள். 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுதலை செய்தது. குற்றவியல் வழக்கு அப்படி முடிந்தது. ஆனால் அரசாணை சட்டப்படி நிற்காது என்ற தீர்ப்பு மாறவில்லை. கொடைக்கானல் மலையில் ஒரு கட்டடம் எத்தனை மாடி என்பதைக் கோட்டையில் இருந்து ஒரு கையெழுத்தில் மாற்ற முடிந்தது என்பதுதான் நம் விஷயத்துக்கு முக்கியம்.

இது கொடைக்கானலோடு நிற்கும் கதையும் இல்லை. 113-வது பிரிவைப் பயன்படுத்தி மாநில அரசு கொடுத்த 62 விலக்கு ஆணைகளை 2000-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பிரிவு செல்லும், ஆனால் பயன்படுத்திய விதம் செல்லாது என்றது. அதற்குள்ளேயே 113-ஏ வந்துவிட்டது: 1999 பிப்ரவரி 28 வரை கட்டிய விதிமீறல் கட்டடங்களைப் பணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம். 2012-ல் 113-சி வந்தது: இந்த முறை கெடு 2007 ஜூலை 1. 2017-ல் அங்கீகாரம் இல்லாத மனைகளுக்கு ஒரு வரன்முறைத் திட்டம், கெடு 2016 அக்டோபர் 20. 2020-ல் மலைப்பகுதி மனைகளுக்குத் தனித் திட்டம்.

ஏழைக் குடும்பங்கள் தெரியாமல் வாங்கிய மனைகளுக்கு ஒருமுறை வழி காட்டுவது தேவைதான். ஆனால் கெடு மாறிக்கொண்டே இருந்தால் பில்டர்கள் ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள்: முதல்ல கட்டு, அப்புறம் ஒரு திட்டம் வரும். விதியை மதித்துக் காத்திருந்தவர்தான் ஏமாந்தவர் ஆகிறார்.

கொடைக்கானலின் முழுமைத் திட்டம் ஒப்புதல் பெற்றது 1993-ல். அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகக் கள ஆய்வு செய்து திருத்த 1971 சட்டத்திலேயே வழி இருக்கிறது. அப்படிச் செய்யாமல் கால் நூற்றாண்டு ஓடியது. அந்தக் காலத்தில்தான் கார் வாங்கும் நடுத்தர வர்க்கம் வளர்ந்தது, நாலுவழிச் சாலை வந்தது, ஆன்லைன் புக்கிங் வந்தது. திட்டத்தில் குடியிருப்பு என்று குறித்த இடங்களில் விடுதிகள் நடந்தன. 2019-ல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, விதி மீறிய வணிகக் கட்டடங்களுக்கு நகராட்சி வரிசையாகச் சீல் வைத்தது. அத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரே மூச்சில்.

அப்போது உள்ளூர் மன்றம் என்ன செய்துகொண்டிருந்தது?

இந்த விவாதத்தில் பெரும்பாலும் யாரும் பேசாத ஒரு விஷயம் இங்கேதான் இருக்கிறது. மேலே சொன்ன தேதிகளை உள்ளாட்சித் தேர்தல் தேதிகளோடு பொருத்திப் பாருங்கள்.

தமிழகத்தில் 1986-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பதவிக்காலம் 1991-ல் முடிந்தது. அடுத்த தேர்தல் 1996 அக்டோபரில். நடுவில் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம். 1992-ன் அரசாணை, 1993-ன் முழுமைத் திட்டம் ரெண்டும் இந்த இடைவெளியில் வந்தவை.

மறுபடி 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில். 2019-ல் கொடைக்கானலில் சீல் வைத்தபோது நகர்மன்றம் என்று ஒன்றே இல்லை. கடையை இழந்தவர் முறையிடக் கவுன்சிலர் இல்லை. 'இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தீங்க' என்று கேட்க, வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆளும் இல்லை.

திண்டுக்கல் மாவட்ட ஊராட்சிகளின் கதையும் இதேதான். 2019-ல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போயின.

ஆக, மலையின் தலையெழுத்தை மாற்றிய மூன்று முடிவுகளும் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் மன்றம் இல்லாத நேரத்தில் எடுக்கப்பட்டவை. 'உள்ளூர்க் கட்டுப்பாடு தோற்றுவிட்டது' என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அதை இன்னும் முயன்றே பார்க்கவில்லை.

மன்றம் இல்லாத இடத்தை யார் நிரப்புகிறார்கள்? நீதிமன்றம். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வர இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் இருந்து கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பு வந்தது. ரெண்டுமே உயர் நீதிமன்ற உத்தரவுகள். நான் அதைக் குறை சொல்லவில்லை. அரசும் ஊரும் செய்யாததை நீதிமன்றம் செய்தது. ஆனால் நீதிபதிகள் ஊரின் நிலப்படம் போட முடியாது. எந்தச் சரிவில் எத்தனை குடும்பத்துக்கு வீடு தேவை என்று மனுவில் வராது.

அப்போ எல்லாத்தையும் ஊராட்சிக்கே கொடுத்துடலாமா?

கூடாது. அதற்கு மூணு காரணம் இருக்கிறது, மூணுமே கனமானவை.

ஒண்ணு, தண்ணீர். பழனி மலையில் பெய்யும் மழைதான் கீழே பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு அணைகளுக்குப் போகிறது. மேலே ஒரு ஓடையை மூடி லேஅவுட் போட்டால், கீழே பழனிப் பக்கத்து விவசாயிக்கும் நஷ்டம். அவருக்கு வில்பட்டி ஊராட்சியில் ஓட்டு இல்லை. அவருக்காகப் பேச ஊராட்சியைவிடப் பெரிய ஒரு அமைப்பு வேணும்.

ரெண்டு, ஊருக்குள்ளேயே உள்ள பலம். ஊராட்சியில் செல்வாக்கு உள்ளவரே நிலத் தரகராகவோ காட்டேஜ் ஓனராகவோ இருக்கலாம். அதிகாரம் முழுக்க அங்கே போனால், கோட்டையில் நடந்த பேரம் டீக்கடையில் நடக்கும்.

மூணு, அண்டை மாநில அனுபவம். கேரளத்தில் கட்டட அனுமதி தருவது கிராம ஊராட்சிதான். அப்படியும் மூணாறில் ஆக்கிரமிப்புக் கட்டடங்கள் குவிந்தன. 2007-ல் வி.எஸ்.அச்சுதானந்தன் அரசு தனிக்குழு அனுப்பி இடிக்க வேண்டியிருந்தது. வயநாட்டில் மலையில் அடுக்குமாடிகள் எழுவதைப் பார்த்து, 2015-ல் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தலையிட்டு உயர வரம்பு போட்டது. அனுமதி தரும் இடம் பக்கத்தில் இருந்தால் மட்டும் மலை தப்பிக்காது.

வெளியே எப்படிச் செய்கிறார்கள்?

அமெரிக்காவில் பிரச்சினை தலைகீழ். அங்கே ஸோனிங் பெரும்பாலும் உள்ளூர் நகர சபைகளின் கையில். ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர்கள், புது வீடு வரவிடாமல் விதிகளை இறுக்கிவிடுகிறார்கள். வாடகை ஏறுகிறது. கலிஃபோர்னியா மாநிலம் 2021-ல் சட்டம் கொண்டுவந்து, தனி வீடு மட்டும் என்றிருந்த மனைகளில் கூடுதல் வீடுகள் கட்ட வழி செய்தது. ஊர் மட்டுமே முடிவு செய்தால் வெளியே நிற்பவருக்கு வீடு கிடைக்காது என்பது அங்கிருந்து வரும் பாடம்.

ஜப்பானில் ஒரு நடுவழி இருக்கிறது. மண்டல வகைகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் எது கூடும், எது கூடாது என்பதைத் தேசியச் சட்டம் சொல்லிவிடுகிறது. இப்போது 13 வகை. எந்தத் தெரு எந்த வகை என்று குறிப்பது உள்ளூர் நிர்வாகம். விதியைத் தனக்கேற்ப வளைக்க உள்ளூரால் முடியாது. மேலிருந்து வந்து ஒரு தெருவை மட்டும் தனியாகத் தளர்த்துவதும் அங்கே வழக்கம் இல்லை.

நம் மலைக்கு நெருக்கமான உதாரணம் சுவிட்சர்லாந்து. ஆல்ப்ஸ் கிராமங்களில் வருஷத்தில் சில வாரம் மட்டும் திறக்கும் விடுமுறை வீடுகள் நிறைந்து, உள்ளூர் இளைஞர்களுக்கு வீடு கிடைக்காமல் போனது. 2012 மார்ச் 11-ம் தேதி நாடு முழுக்க வாக்கெடுப்பு நடத்தினார்கள். எந்த ஊரிலும் இத்தகைய இரண்டாம் வீடுகள் மொத்த வீடுகளில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது 50.6 சதவீத ஓட்டில் ஜெயித்தது. ஆனால் வாலே போன்ற மலை மாகாணங்கள் பெருவாரியாக எதிர்த்தே ஓட்டுப் போட்டன. 'நகரத்துக்காரங்க எங்க பிழைப்புல கை வைக்கிறாங்க' என்பது அவர்களின் கோபம். மலையைக் காக்கும் விதியானாலும், மலைக்காரரைக் கூட்டிக்கொள்ளாமல் வந்தால் கசப்பு மிஞ்சும்.

சிம்லாவைப் பற்றியும் சொல்லணும். அங்கே எத்தனை மாடி என்பதில் 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் கடும் வரம்பு விதித்தது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை விலக்கி, வளர்ச்சித் திட்டம் வகுப்பது அரசின் வேலை, இப்படித்தான் வகுக்கணும் என்று தீர்ப்பாயம் உத்தரவிட முடியாது என்றது. நீதிமன்றமே பார்த்துக்கொள்ளும் என்று மலை ஊர்கள் உட்கார்ந்துவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்?

முதலாவது, உச்ச வரம்பு மாநிலத்துக்கு. எவ்வளவு சரிவுக்கு மேல் கட்டக்கூடாது, ஓடையிலிருந்தும் காட்டிலிருந்தும் எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரம் என்பதை மாநிலம் சர்வே எண் வாரியாக வரைபடத்தில் போட்டு, மொபைலில் பார்க்கிற மாதிரி வெளியிடட்டும். சின்ன வீடு கட்டுபவர் நாலு துறையிடம் தனித்தனியாகச் சான்று கேட்டு அலைய வேண்டியதில்லை. அந்தச் சர்வே எண் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

இரண்டாவது, உள்பங்கீடு ஊருக்கு. கட்டலாம் என்று வரைபடம் சொல்லும் நிலத்தில் எவ்வளவு உள்ளூர்க் குடியிருப்புக்கு, எவ்வளவு விடுதிக்கு, எது விவசாயத்துக்கு மட்டும் என்பதைக் கிராம சபை பேசி, ஊராட்சி தீர்மானம் போடணும். தமிழகத்தில் வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அதில் ஒரு நாளை, உதாரணத்துக்கு உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ஐ, மலை ஊராட்சிகளில் நிலப்படத்துக்கு ஒதுக்கலாம். இதற்குச் சட்டத்திருத்தம் தேவை. ஊராட்சிகள் சட்டத்திலும் நகர் ஊரமைப்புச் சட்டத்திலும் சட்டமன்றமே செய்துவிடலாம்.

மூணாவது, விலக்குக்குப் பூட்டு. 113-வது பிரிவு ஹாகா கிராமங்களுக்குப் பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அரசியல்ரீதியாக முடியாது என்றால் குறைந்தபட்சம் இது: கிராம சபையின் ஒப்புதல் இல்லாமல் விலக்கு இல்லை, காரணத்தை வெளியிடாமல் விலக்கு இல்லை.

நாலாவது, பக்கத்து ஊர்களுக்கும் குரல். நகராட்சியையும் சுற்றியுள்ள ஊராட்சிகளையும் சேர்த்துப் பார்க்க அரசியல் சட்டம் மாவட்டத் திட்டக் குழு என்ற அமைப்பைத் தந்திருக்கிறது. அதில் அஞ்சில் நாலு பங்கு உறுப்பினர்கள் உள்ளாட்சிகளில் தேர்வானவர்களிலிருந்து வரணும். கீழே உள்ள பழனி விவசாயியின் தண்ணீர்க் கவலையை அட்டுவம்பட்டியின் வீட்டுத் தேவையோடு வைத்துப் பேச அதுதான் இடம்.

இந்த நாலும் வேலை செய்ய ஒரே நிபந்தனை: உள்ளாட்சித் தேர்தல் நேரத்துக்கு நடக்கணும். மன்றம் இல்லாத காலத்தில் நில வகை மாற்றமோ விலக்கோ செய்யக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டால், தேர்தலைத் தள்ளிப்போடும் ஆசையும் கொஞ்சம் குறையும்.

சரி, இதுல நமக்கென்ன?

சென்னையிலோ கோவையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் நமக்கு ரெண்டு வழியில் இதில் பங்கு உண்டு. மலையில் ஒரு சின்ன பிளாட் வாங்கிப் போடலாம் என்று விளம்பரம் பார்த்து நினைப்பவர்கள் முதல் வகை. 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்ற வார்த்தையை மட்டும் நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். லேஅவுட்டுக்கு டி.டி.சி.பி. அனுமதி எண் இருக்கிறதா, ஹாகா பகுதிக்கான சான்றுகள் இருக்கின்றனவா, நிலம் பட்டாவில் எந்த வகை என்று கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். தங்கப் போகிறவர்கள் ரெண்டாவது வகை. புக் பண்ணும் முன்னால் அனுமதி உள்ள இடமா என்று ஒரு மெசேஜ் போட்டுக் கேட்க ஒரு நிமிஷம் ஆகும். பத்துப் பேர் கேட்டால் ஓனருக்கு அது ஒரு காரணம் ஆகும்.

அட்டுவம்பட்டி மாதிரி ஊரில் பிறந்து, கொடைக்கானலிலேயே வேலை பார்க்கும் ஒரு இளைஞருக்கோ பெண்ணுக்கோ இந்த விஷயம் இன்னும் நேரடியானது. பக்கத்து நிலம் காட்டேஜ் விலைக்குப் போனால் அவருக்கு வீடு கட்ட இடம் எட்டாது. அனுமதி இல்லாமல் கட்டினால் எப்போது நோட்டீஸ் வரும் என்று தெரியாது. மலையிறங்கிப் போய்விட்டால் பூண்டு போடவும் ஆள் இருக்காது, ஊரைக் காக்கவும் ஆள் இருக்காது. தன் ஊரின் நிலப்படத்தின் முன்னால் நின்று 'இங்கே வீடு வரட்டும், இங்கே வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு இன்று சட்டத்தில் இடமே இல்லை. அந்த இடத்தைத்தான் முதலில் உருவாக்கணும்.